தலைக்குப் பூச்சு இல்லை

ஜனவரி 17, வெள்ளி

குடும்ப நீதிமன்றத்தில் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். இருவரும் சேர்ந்து கேட்கிற விவாகரத்து என்பதால் வாதம் எதுவும் இல்லை. நீதிபதி அம்மா கோப்பைப் புரட்டிவிட்டு, "ஆறு மாசம் டைம் இருக்கு. யோசிச்சுப் பாருங்க" என்றார். எல்லோரிடமும் சொல்வதைத்தான் எங்களிடமும் சொன்னார். காரணம் என்ற இடத்தில் வக்கீல் 'கருத்து வேறுபாடு' என்று எழுதியிருந்தார். படித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

வராந்தாவில் பூபதி வந்து பக்கத்தில் நின்றார்.

"பிஸ்டன் குடுத்தா எப்பக் கெடைக்கும்?"

"திங்கக்கிழமை குடுத்தா வெள்ளிக்கிழமை."

"மூர்த்திகிட்டக் குடுத்து உடறேன்."

"சரி."

'ஏங்க' என்று அவரைக் கூப்பிடுவதை, தனியாக வந்ததிலிருந்து நிறுத்திவிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. ஆகவே கூப்பிடுவதே இல்லை. அவர் பேசினால் பதில் சொல்கிறேன். வசதியாகத்தான் இருக்கிறது.

நீதிமன்றத்தில் ஆலோசனை சொல்லும் அம்மா நாட்குறிப்பு எழுதச் சொன்னார். மனதில் படுவதை எழுதுங்கள் என்றார். மனதில் படுவது என்று தனியாக ஒன்றும் இல்லை. நடப்பதை எழுதுகிறேன். அந்த அம்மாவுக்கு மோட்டார் பற்றி ஒன்றும் தெரியாது. ஒருவேளை கேட்டால் காட்டும்படி, கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

வரும் வழியில் கேஸ் புக் செய்தேன்.


ஜனவரி 20, திங்கள்

மூர்த்தி நான்கு பிஸ்டன்களைத் துணியில் சுற்றி, பேக்கரி டப்பா ஒன்றில் வைத்துக் கொண்டுவந்தான். அவன் பூபதியின் பட்டறையில் மெக்கானிக். "அண்ணன் ரெண்டு கோட்டிங்கும் போடச் சொன்னாருங்கக்கா" என்றான். டப்பாவில் தேங்காய் பன் வாசனை அடித்தது. ஷாஹிதா சிரித்தாள். அவள்தான் என் ஷெட்டில் ஸ்ப்ரே கன் பிடிப்பவள். நான்கு வருடமாக என்னோடு இருக்கிறாள். எங்கள் ஷெட்டில் இரண்டே பேர்.

பூபதி ரேஸ் ஓட்டும் வண்டியைப் பற்றி எழுத வேண்டும். நான்கு சிலிண்டர் பைக். நீளமாக இழுத்துச் செய்யப்பட்டது. நேராக ஓட மட்டும்தான் லாயக்கு. கால் மைல் தூரம். இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் யார் முதலில் அந்தக் கோட்டைத் தொடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. பத்து விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்தப் பத்து விநாடிக்காகப் பெட்ரோலோடு நைட்ரஸ் வாயுவையும் இன்ஜினுக்குள் அடிப்பார்கள். அப்போது அதற்குள் எழும் சூட்டை முதலில் வாங்குவது பிஸ்டன். பிஸ்டன் என்பது அலுமினியம். எளிதில் உருகிவிடும்.

நான் செய்வது இரண்டு பூச்சுகள். பிஸ்டனின் மேல்முகத்தைத் தலை என்போம். அதற்கு ஒரு வெள்ளை செராமிக் பூச்சு. சூடு உலோகத்துக்குள் இறங்காமல் தடுக்கும். கீழே சிலிண்டரோடு உரசும் சுற்றுப்பகுதிக்கு ஸ்கர்ட் என்று பெயர். அதற்கு ஒரு கறுப்புப் பூச்சு. எண்ணெய்ப் படலம் விலகிப்போகும் நொடியில் உலோகத்தை உலோகம் கவ்விப் பிடிக்காமல் காப்பது அது. இரண்டுமே தலைமுடிப் பருமன்கூட இருக்காது.

தலை போனால் பிஸ்டன் உருகும், வண்டி சக்தி இழந்து நிற்கும். ஸ்கர்ட் பிடித்துக்கொண்டால் கதை வேறு. இன்ஜின் அப்படியே பூட்டிக்கொள்ளும். பின்சக்கரம் சுழலாது. இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் பின்சக்கரம் சுழலாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஐந்து வருடத்துக்கு முன் நேரில் பார்த்திருக்கிறேன். ஓடுதளத்தின் கடைசியில், பூபதிக்குத் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். காறை எலும்பு, இடுப்பு எலும்பு, மூன்று அறுவை சிகிச்சை. அதுவரை ஒரு பம்ப் கம்பெனியில் பெயின்ட் பிரிவில் இருந்தேன். அதன் பிறகு வேலையை விட்டுவிட்டு இந்த ஷெட்டை எடுத்தேன். தொழில் வாய்ப்பு நன்றாக இருந்தது.

ஷாஹிதா பிஸ்டன்களைக் கழுவி, எண்ணெய் போக அடுப்பில் வைத்தாள்.


ஜனவரி 24, வெள்ளி

வேலை முடிந்தது. கொடுத்தாயிற்று. பேக்கரி டப்பா வேண்டாம் என்று சொல்லி, நாமே ஒரு அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தோம்.


பிப்ரவரி 4, செவ்வாய்

மூர்த்தி ஃபோன் செய்தான். ஓட்டிப் பார்த்தார்களாம், நன்றாக இருக்கிறதாம். நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.


பிப்ரவரி 19, புதன்

காலையில் கம்ப்ரசர் பெல்ட் அறுந்தது. பெல்ட் வாங்க கணபதி கடைத்தெரு வரை போய் வந்ததில் பாதி நாள் போனது.

பெரியப்பா பேத்தி கல்யாணப் பத்திரிகை வந்தது. உறையின் மேல் 'திரு. பூபதி குடும்பத்தினர்' என்று எழுதி, என் புது விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். விலாசத்தை மட்டும் சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். போகலாம். நீல நிறப் பட்டுப்புடவையை அயர்ன் கடைக்குக் கொடுக்க வேண்டும்.


மார்ச் 8, சனி

பிஸ்டன்கள் மறு பூச்சுக்கு வந்தன. மூன்றாம் சிலிண்டர் பிஸ்டனின் தலையில், ஓரமாக, மிளகைத் தூவினாற்போலக் குழிகள். பூச்சு அங்கங்கே தெறித்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மற்ற மூன்றும் பரவாயில்லை.

இது சூட்டினால் வருவதல்ல. பெட்ரோல் போதாமல், உள்ளே நெருப்பு ஒழுங்காக எரியாமல் வெடித்தால் வருவது. சுத்தியலால் உள்ளிருந்து தட்டுவது போல இருக்கும். பெட்ரோலைக் குறைத்தால் வேகம் ஏறும். ட்யூன் செய்கிறவர்களுக்கு அது ஒரு ஆசை. பூபதிதான் ட்யூன் செய்கிறார், பூபதிதான் ஓட்டுகிறார். அதனால் நடுவில் நின்று சொல்ல ஆள் கிடையாது.

பிஸ்டனை ஷாஹிதாவிடம் காட்டினேன். "வைசூரி போட்ட மாதிரி இருக்குதேக்கா" என்றாள்.


மார்ச் 11, செவ்வாய்

அவருக்கு ஃபோன் செய்து சொன்னேன். மூன்றாம் நம்பருக்குப் பெட்ரோல் போதவில்லை என்றேன்.

"கோட்டிங் சரியா ஒட்டாம உரிஞ்சிருக்கும்" என்றார்.

"மீதி மூணுல ஒட்டியிருக்குது."

"பாக்கறேன்."

பூச்சுப் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.


மார்ச் 27, வியாழன்

திரும்பி வந்தன. இப்போது இரண்டாம் நம்பரிலும் மிளகு. மூன்றாம் நம்பரில் குழிகள் ஆழமாகியிருக்கின்றன. அந்தப் பிஸ்டனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கச் சொன்னேன். வாங்கிவிட்டார்கள்.

ஷாஹிதா, "அண்ணன் வேணும்னே பண்றாருங்களாக்கா?" என்று கேட்டாள்.

"பெட்ரோல் அளவு தப்பா இருக்குது. அவ்வளவுதான்" என்றேன்.

"ஏங்க்கா, உங்க ரெண்டு பேருக்கும் என்னதான் சண்டை?"

சண்டை எதுவும் இல்லை என்று சொன்னேன். உண்மைதான். ஒருநாள் காலையில் அவரிடம், இனி ஓடுதளத்துக்கு என்னால் வர முடியாது என்றேன். சரி, வர வேண்டாம் என்றார். வீட்டில் இருந்துகொண்டு ஃபோனுக்குக் காத்திருக்கவும் முடியாது என்றேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். அடுத்த மாதம் நான் வீடு பார்த்தேன்.

இன்று வெயில் அதிகம். அடுப்பு எரியும்போது ஷெட்டுக்குள் நிற்க முடியவில்லை. இன்னொரு ஃபேன் வாங்க வேண்டும்.


ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. விடுமுறை. ஒரு ஆளுக்கு மாங்காய்ப் பச்சடி செய்வது கஷ்டம். பழக்கத்தில் அளவு கூடிவிட்டது. மிச்சத்தை ஷாஹிதா வீட்டுக்குக் கொடுத்தேன். அவள் மாமியார் வேப்பம்பூவை மட்டும் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாராம்.


ஏப்ரல் 29, செவ்வாய்

பூபதி ஷெட்டுக்கு வந்தார். ஷாஹிதா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. இளைத்திருக்கிறார். காறை எலும்புப் பக்கம் தோள் கொஞ்சம் இறங்கியே இருக்கும். அது இன்று அதிகமாகத் தெரிந்தது.

மே பதினெட்டாம் தேதி ரேஸ். கர்நாடக எல்லையை ஒட்டி ஒரு தனியார் விமான ஓடுதளத்தில். பெங்களூரிலிருந்து ஒருவன் புது வண்டியோடு வருகிறானாம். அவனை இவர் இதுவரை ஜெயித்ததில்லை.

"தலைக்கு இன்னுங் கொஞ்சம் தடியாப் போட முடியுமா?"

"தடியாப் போட்டா உரியும்."

"ரெண்டு தடவையாப் போட்டா?"

"அப்பவும் உரியும். கோட்டிங் சூட்டைத் தாங்கறதுக்கு. அடியைத் தாங்கறதுக்கு இல்லை. மொதல்ல பெட்ரோலை ஏத்துங்க."

"ஏத்துனா வேகம் கொறையுது."

"கொறையட்டும்."

"அதுக்கு நான் வீட்லயே உக்காந்துக்குவேனே."

வீடு என்ற சொல்லைக் கேட்டதும் மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன். கம்ப்ரசர் ஓடி, நிறைந்து, தானாக நின்றது.

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "நீ கோட்டிங் போடறதுனாலதான் நான் தைரியமாப் பண்றேன், தமயந்தி. வேற ஆரு போட்டிருந்தாலும் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன். உன்ற வேலை மேல அவ்வளவு நம்பிக்கை."

அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

பிஸ்டன் பெட்டி மேசை மேல் இருக்கிறது. இன்று தொடவில்லை. வேறு வேலை பார்த்தோம். டிராக்டர்க்காரர் ஒருவரின் பிஸ்டன்கள். அவசரம் இல்லாத வேலைதான்.


மே 2, வெள்ளி

அவர் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். கணக்காகத்தான் யோசித்தேன்.

முதல் வருடம் நான் பூச்சுப் போட்டபோது இன்ஜின் பழையபடி பாதுகாப்பாக இருந்தது. அதன் மேல் என் பூச்சு உபரி. அந்த உபரி அவருக்காக நான் எடுத்து வைத்தது. அடுத்த ரேஸில் அவர் நைட்ரஸைக் கூட்டினார். உபரி தீர்ந்தது. நான் நல்ல செராமிக் வரவழைத்தேன். அவர் பெட்ரோலைக் குறைத்தார். நான் அடுப்பை மாற்றினேன். அவர் மறுபடியும் குறைத்தார். நான் சேர்த்து வைப்பதும் அவர் எடுத்துச் செலவழிப்பதுமாக ஐந்து வருடம் போயிருக்கிறது. இப்போது அவர் ஓட்டும் வேகத்துக்கு, பூச்சு இல்லாத பழைய நாளில் அவர் ஓட்டியிருக்கவே மாட்டார்.

பூச்சினால் அவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க வேண்டியிருக்கும்.

சீயக்காய் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.


மே 6, செவ்வாய்

அவர் பட்டறைக்குப் போனேன். தனியாக வந்த பிறகு இதுதான் முதல் தடவை. காலண்டர் இன்னும் போன வருடத்தில் இருக்கிறது. பூபதி வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். மூர்த்தி என்னைப் பார்த்து எழுந்து நின்றான்.

நின்றபடியே சொன்னேன். "தலைக்குக் கோட்டிங் இல்லை. ஸ்கர்ட்டுக்கு மட்டும் போட்டுத் தர்றேன்."

அவர் வெளியே வந்து உட்கார்ந்தார். "என்ன வெளையாட்டு இது? பதினெட்டாந் தேதி ரேஸ்."

"வேண்டாம்னா வேற ஆளுகிட்டக் குடுத்துக்குங்க."

"இனிக் குடுத்தா ரேஸ் முடிஞ்சுதான் வரும். அது தெரிஞ்சுதான சொல்றே?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

மூர்த்தி ஒரே ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"தலை வெறுமையா இருந்தா உருகிருமே."

"பெட்ரோல் சரியா இருந்தா உருகாது. இல்லைன்னா உருகும். உருகுனா வண்டி நிக்கும். ஸ்கர்ட் புடிச்சா..." அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அவர் கை தோளுக்குப் போனது. அவருக்கே தெரியாமல் போனது என்று நினைக்கிறேன்.

"தலை ஓட்டையானா எண்ணெய் வெளிய அடிக்கும். டயர்ல பட்டா வழுக்கும். இன்ஜினுக்கு அடியில எண்ணெய் புடிக்கற தட்டு பத்தாது. பெருசாப் பண்ணி, எண்ணெய் உறிஞ்சற துணி நெறையாப் போடுங்க. தட்டைப் பாத்துட்டுத்தான் பிஸ்டன் குடுப்பேன்."

"என்னைய நிறுத்தப் பாக்கறே."

"வண்டியை நிறுத்தப் பாக்கறேன்."

கையைத் துணியில் துடைத்தார். பிறகு, "சரி. பெட்ரோலை ஏத்தியே ஓட்டறேன், போதுமா?" என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைக் கல்யாணமான நாளிலிருந்து பார்த்து வருகிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும்.

மூர்த்தி வாசல் வரை வந்தான். "தட்டு நான் பண்ணிர்றேனுங்கக்கா" என்றான்.


மே 9, வெள்ளி

ஸ்கர்ட் பூச்சு. ஷாஹிதாவை விலக்கிவிட்டு நானே அடித்தேன். அவள் பிஸ்டனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். முதலில் அடித்தது ஓரிடத்தில் கொஞ்சம் கூடியிருந்தது. கழுவிவிட்டு மறுபடி அடித்தேன். அடுப்பில் வைத்து, ஆறும்வரை பக்கத்திலேயே இருந்தோம். நான்கும் நன்றாக வந்திருக்கின்றன. தலைகள் வெறும் அலுமினியமாக, சில்வர் தட்டு போலப் பளபளத்தன.

"ஏங்க்கா, வேலையே வேண்டாம்னு சொல்லிட்டா என்ன?" என்றாள் ஷாஹிதா.

"அப்பவும் ஓட்டுவாரு. ஸ்கர்ட்டும் வெறுமையாப் போகும்."

மூர்த்தி தட்டின் படத்தை அனுப்பினான். நன்றாகச் செய்திருக்கிறான். பிஸ்டன்களைக் கொடுத்துவிட்டேன்.


மே 18, ஞாயிறு

ஞாயிறானாலும் ஷெட்டைத் திறந்தேன். சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஷாஹிதாவை வரச் சொல்லவில்லை. அவளாக வந்துவிட்டாள்.

ஸ்ப்ரே கன் இரண்டையும் கழற்றிக் கழுவினோம். அலமாரியில் இருந்த டப்பாக்களை இறக்கி, காலாவதியானதைத் தனியாக எடுத்து வைத்தோம். அடுப்பின் உட்புறத்தைத் துடைத்தேன். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். ஒட்டடை அடித்தோம். பழைய கையுறைகளை எரித்தோம். மணல் அடித்துப் பழைய பூச்சை எடுக்கும் பெட்டியின் கண்ணாடி மங்கலாக இருந்தது, மாற்றினேன். கண்ணாடி மாற்றும்போது இடதுகை விரலில் கீறல். பெரிதில்லை. ஷாஹிதா கொத்துக்கறி கொண்டுவந்திருந்தாள். அவள் சாப்பிட்டாள். நான் அப்புறம் சாப்பிடுகிறேன் என்றேன். ஃபோனை அலமாரிக்குள் வைத்திருந்தேன், தூசி படாமல் இருக்க.

பிற்பகலில் அது அடித்தது. என் கையில் சோப்பு இருந்தது. ஷாஹிதாதான் எடுத்தாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூர்த்தி அண்ணன்க்கா. வண்டி பாதியில நின்னுருச்சாம். அண்ணன் நல்லா இருக்காராம்."

கையைக் கழுவினேன். ஃபோனை வாங்கினேன். மறுமுனையில் கூட்டத்தின் சத்தம். மூர்த்தி, "இருங்கக்கா, குடுக்கறேன்" என்றான். பிறகு மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"ஏங்க" என்றேன்.

பழக்கம்தான். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஒண்ணுமில்ல புள்ள," என்றார். "ஒண்ணுமில்ல. நிக்கறேன் பாரு, ரெண்டு காலுல நட்டமா நிக்கறேன்."

ஃபோனில் எப்படிப் பார்ப்பது. சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மீதியிருந்த அலமாரியையும் துடைத்து முடித்தோம். விரல் கீறலில் சோப்புப் பட்டு எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. ஷாஹிதா கொத்துக்கறியைச் சூடாக்கி வைத்தாள்.


மே 19, திங்கள்

ஷெட் விடுமுறை விட்டேன். காரணம் எதுவும் இல்லை.


மே 22, வியாழன்

பூபதி வந்தார். ஒரே ஒரு பிஸ்டனைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். மூன்றாம் நம்பர். தலையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. விளிம்பு மெழுகு போல வழிந்திருந்தது.

இறுதிச் சுற்று வரை போயிருக்கிறார். பெங்களூர்க்காரனை விட அரை வண்டி முன்னால் இருந்திருக்கிறார். முக்கால் தூரத்தில் சத்தம் மாறியது, சக்தி போனது. க்ளட்ச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உருண்டு போய் ஓரமாக நிறுத்தினாராம். எண்ணெய் எல்லாம் தட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. டயரில் ஒரு சொட்டுக்கூட இல்லையாம்.

நான் பிஸ்டனை எடுத்துப் புரட்டினேன். ஸ்கர்ட்டில் கறுப்பு அப்படியே இருந்தது. நான்கு பக்கமும் பார்த்தேன். கீறல் இல்லை.

"எல்லாரும் ஓட்டையைத்தான் பாத்தாங்க. நீ கீழ பாக்கறே" என்றார்.

லென்ஸை எடுத்தேன். ஓட்டையின் விளிம்பைப் பார்த்தேன். அவர் காத்திருந்தார்.

"தலைக்கும் போட்டிருந்தா தாங்கியிருக்குமா?"

இதற்கு யோசிக்காமல் பதில் சொல்லக் கூடாது. ஓரத்தில் மிளகுக் குழிகள் கொஞ்சம்தான். ஒரேயடியாகச் சூடேறி, நடுவில் உருகியிருக்கிறது. உருகத் தொடங்கியது முக்கால் தூரத்தில். மீதம் இரண்டு விநாடி ஓட்டம் இருக்கும்.

"தாங்கியிருக்கும்."

"கோடு வரைக்கும்?"

"கோடு வரைக்கும்."

"அப்ப நான் ஜெயிச்சிருப்பேன்."

"ஆமா. ஜெயிச்சிருப்பீங்க."

நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த ஷெட்டில் அவர் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"பெட்ரோல் ஏத்தறேன்னு உன்கிட்டச் சொன்னேன்."

"சொன்னீங்க."

"ஏத்தலை."

"தெரியும்."

"ஏத்த மாட்டேன்னு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் தலைக்குப் போடலை."

"தெரிஞ்சதுனாலதான் போடலை."

ஷாஹிதா ஸ்ப்ரே கன்னை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படத் தயாராகத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் பிஸ்டனை என் கையிலிருந்து வாங்கி, அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"சத்தம் மாறுனதும் அஞ்சு வருசத்துக்கு முன்னால மாதிரி சக்கரம் நின்னுரும்னு நெனச்சேன். கண்ணை மூடிட்டேன். தெறந்து பாத்தா வண்டி உருண்டு போயிட்டிருக்குது. கூட்டம் கத்தறது கேக்குது. அந்த இருவது அடி, முப்பது அடி... கண்ணு மூடியிருந்த நேரத்துல..." அவரும் வாக்கியத்தை முடிக்கவில்லை.

"டீ குடிக்கறீங்களா?" என்றேன்.

குடித்தார். போகும்போது பிஸ்டனை எடுத்துக்கொண்டு போனார்.


ஜூன் 10, செவ்வாய்

மூர்த்தி கார்பன் பிரஷ் வாங்க வந்தவன் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். பட்டறையில் புது இன்ஜின் வந்து இறங்கியிருக்கிறதாம். பழையதைவிடப் பெரியதாம். அவன் மகிழ்ச்சியாகச் சொன்னான். ஷாஹிதா என் முகத்தைப் பார்த்தாள். நான் அவனுக்கு டீ கொடுக்கச் சொன்னேன்.


ஜூன் 28, சனி

வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார். மதியம்வரை தண்ணீர் இல்லை. வக்கீல் ஃபோன் செய்து தேதியை நினைவூட்டினார். "மேடம், மனசு மாறியிருந்தா இப்பவே சொல்லிருங்க. மனுவை வாபஸ் வாங்கிக்கலாம்" என்றார். புது இன்ஜின் பற்றி நினைத்தேன். மாறவில்லை என்றேன்.


ஜூலை 21, திங்கள்

நீதிமன்றத்தில் கூட்டம். எங்கள் முறை வர மதியமாகிவிட்டது. நீல நிறப் பட்டு உடுத்திப் போயிருக்க வேண்டாம். வியர்வை.

நீதிபதி அம்மா முதலில் பூபதியிடம் கேட்டார். "ஆறு மாசத்துல ஏதாச்சும் மாற்றம் உண்டா?"

அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அவங்க என்ன சொல்றாங்களோ அதுதாங்க" என்றார். என்னை 'அவங்க' என்று அவர் சொல்லி இதற்கு முன் கேட்டதில்லை.

என்னிடம் கேட்டார். "மாற்றம் இல்லைங்கம்மா" என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது. ஆனால் அந்த அம்மா, "கொஞ்சம் சத்தமா" என்றார். மறுபடி சொன்னேன்.

முடிந்தது.

எதிரே இருந்த பேக்கரியில் காபி குடித்தோம். அவர் இரண்டு தேங்காய் பன் வாங்கினார். எனக்கு ஒன்றை நகர்த்தினார். பாதி சாப்பிட்டேன்.

"புது இன்ஜினுக்குப் பிஸ்டன் வந்திருக்குது" என்றார்.

"மூர்த்தி சொன்னான்."

"ஓட்டறது பத்தி ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கறேன். இந்தத் தடவை ஒரு வேளை நான்..."

"சொல்லாதீங்க."

நிறுத்தினார்.

"அப்ப பிஸ்டன் கொண்டாரலாமா, கூடாதா?"

"கொண்டாங்க. யாரு ஓட்டறாங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லாதீங்க. தெரிஞ்சா மறுபடி ஃபோனுக்குக் காத்துட்டிருப்பேன். இனி எப்பவும் சொல்லாதீங்க."

அவர் காபியைக் குடித்து முடித்தார். பிறகு சரி என்றார். இந்த முறை தலையாட்டவில்லை. வாயால் சொன்னார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓர இடம் கிடைத்தது.


செப்டம்பர் 3, புதன்

மூர்த்தி நான்கு பிஸ்டன்கள் கொண்டுவந்தான். புது இன்ஜினுடையவை, போன மாதம் ஸ்கர்ட்டுக்கு மட்டும் பூச்சுப் போட்டுக் கொடுத்தவை. ஒரு ரேஸ் ஓடி முடிந்தவையாம். வரும் மாதம் அடுத்தது.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தலைகளில் வெளிர் பழுப்பாகக் கரி படிந்திருந்தது. நான்கிலும் ஒரே நிறம். ஓரத்தில் ஒரு புள்ளி, ஒரு குழி இல்லை. பெட்ரோலைத் தாராளமாக விட்டிருக்கிறார்கள். வேகம் கொஞ்சம் குறைந்திருக்கும். பொறுமையான ஆள் யாரோ ட்யூன் செய்திருக்கிறார். அல்லது பொறுமை இல்லாத ஆள் ஒருவர் பொறுமையாகச் செய்திருக்கிறார். பிஸ்டனை வைத்து அந்த அளவுக்குச் சொல்ல முடியாது.

மூர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தான். "அக்கா, இந்தத் தடவை ஓட்டுனது..."

"அண்ணே, டீ ஆறிப்போகுது வாங்க" என்று ஷாஹிதா அவனை வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

திரும்பி வந்து கையுறை மாட்டிக்கொண்டாள். பிஸ்டன்களை வரிசையாக வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

"ஸ்கர்ட்டுக்கு மட்டுமாக்கா?"

நான்கு தலைகளையும் இன்னொரு முறை பார்த்தேன்.

"தலைக்கும் போடு" என்றேன்.